குரங்கம்மையும் என் சிடி4 எண்ணும்

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பல வருடங்களாக, அந்த வைரஸை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் போட்டு வருகிறேன். அதனால் குரங்கம்மை என்று சந்தேகம் வந்ததும் பயந்துபோனேன். எங்கே படித்தாலும் ‘எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆபத்து’ என்றுதான் போட்டிருந்தது.

முதலில் காய்ச்சல், இடுப்போரம் நெறி கட்டியது. அப்புறம் கொப்புளங்கள். கையில் வந்தவை பரவாயில்லை. ஆசனவாய்ப் பக்கம் வந்தவைதான் உட்காரவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை. வெந்நீரில் உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். கழிவறைக்குப் போவதை நினைத்தாலே கண் கலங்கும். வலி மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

மருத்துவர் கொப்புளத்தைப் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்து பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார். உடனே கேட்டது, “கடைசியா சிடி4 எவ்வளவு? வைரல் லோடு?” சிடி4 என்பது நோயை எதிர்க்கும் ஒரு வகை ரத்த அணுக்களின் எண்ணிக்கை, வைரல் லோடு என்பது ரத்தத்தில் எச்.ஐ.வி. எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. எனக்கு சிடி4 500க்கு மேல், வைரஸ் கண்டறிய முடியாத அளவு. “அப்போ மத்தவங்களுக்கு எப்படியோ, பெரும்பாலும் உங்களுக்கும் அப்படித்தான்” என்றார்.

அப்படித்தான் ஆனது. அதே சமயத்தில் என் நண்பனுக்கும் வந்தது, அவனுக்கு எச்.ஐ.வி. இல்லை. அவனுக்குத்தான் பொருக்கு உதிரத் தாமதமானது.

உண்மையான ஆபத்து சிடி4 200க்குக் கீழே இருப்பவர்களுக்கு. 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பில், எச்.ஐ.வி.யோடு குரங்கம்மையும் வந்து சிடி4 350க்குக் கீழே இருந்த 382 பேரில் 27 பேர் இறந்தார்கள். இறந்த அத்தனை பேரும் 200க்குக் கீழே இருந்தவர்கள். அவர்களுக்குப் புண் அழுகிப் பரவுகிறது, நுரையீரல் வரை போகிறது. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாதவர், மாத்திரையை நிறுத்திவிட்டவர், இவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது. குரங்கம்மை என்று தெரிந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள். நண்பனும் அப்படித்தான் செய்துகொண்டான்.

தடுப்பூசி பற்றியும் கேட்டேன். எம்விஏ-பிஎன் ஊசியில் இருக்கும் வைரஸ் மனித உடலில் பெருகாது, எச்.ஐ.வி. உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம், 4 வார இடைவெளியில் 2 தவணை.

எல்லாப் பொருக்கும் உதிர்ந்து புதுத் தோல் வரும்வரை தனியாக இருந்தேன். ஏ.ஆர்.டி.யை ஒரு வேளைகூட விடவில்லை. குணமான பிறகும் 12 வாரம் ஆணுறை கட்டாயம் என்றார் மருத்துவர்.