குளச்சல் வண்டியும் குலசேகரத்து நோட்டும்

அம்மாவை மாதம் இரண்டு தடவை ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும். கருங்கலுக்குத் திரும்பி வரும்போது அம்மாவால் பஸ் படி இறங்க முடிவதில்லை. அதனால்தான் பழைய கார் தேட ஆரம்பித்தேன். கையில் மூன்று லட்சம் இருந்தது.

அலைந்து அலைந்து கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒரே மாடல், இரண்டுமே 2016 பெட்ரோல், இரண்டும் டி.என். 75. ஒன்று குளச்சலில், அலைச் சத்தம் கேட்கிற ஒரு வீட்டில். இன்னொன்று குலசேகரத்தில், ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெரியவருடையது.

குளச்சல் வண்டிக்கு முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் ஃபைலில் இருந்தது. ஒரு வருஷம்கூட தவறவில்லை. வீட்டுக்காரர் சவுதியில் இருப்பதால் ஓட்டமும் குறைவு, 41,000 கிலோமீட்டர்தான். ஓட்டிப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிட மனசு துடித்தது. கூட வந்த மெக்கானிக் அண்ணன்தான் “பொறு மக்கா” என்று சொல்லிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்தார்.

செல்போன் வெளிச்சத்தில் நானும் குனிந்து பார்த்தேன். ஜாக்கி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டிங் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அண்ணன் ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத் தட்டினார். துரு செதில் செதிலாக அவர் தோளில் கொட்டியது. இன்னொரு தட்டு, முனை உள்ளே போய்விட்டது. பிரேக் பைப்பும் முழுக்கப் பொரிந்திருந்தது.

உப்புக் காற்றுதான். கடலோரத்தில் ஜன்னல் கம்பிகூடத் தப்புவதில்லை, ஓடாமல் ஷெட்டிலேயே நின்ற வண்டி என்ன செய்யும்? ஆயில் மாற்றியது பில்லில் இருக்கும். தகடு எவ்வளவு மிச்சம் என்பது எந்த பில்லிலும் வராது. எட்டு வருஷ பில்லைப் பார்த்த நான் முதலிலேயே குனிந்து அடியைப் பார்க்கவில்லையே என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

குலசேகரம் வண்டியைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. 78,000 ஓடியிருந்தது. பம்பரில் கீறல், டிக்கியில் ரப்பர் ஷீட் வாடை. 2020-க்குப் பிறகு கம்பெனி சர்வீஸும் இல்லை. ஆனால் அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டித் தட்டினால் தகடு ‘டங்’ என்றது. அப்புறம் பெரியவர் உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம், எல்லாம் நீல மையில். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வைப்பர் மாற்றியதுகூட இருந்தது.

அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. 2022 ஆகஸ்டில் நாலு டயரும் மாற்றியதாக எழுதியிருந்தது. டயர் ஓரத்தில் அச்சாகியிருக்கும் கடைசி நாலு எண்ணைப் பார்த்தோம்: 1822. அதாவது 2022-இல் பதினெட்டாவது வாரம் தயாரானது. சரியாகப் பொருந்தியது. கம்பெனி சர்வீஸின் கடைசி பில்லில் 38,200 கிலோமீட்டர், நோட்டின் முதல் வரியில் 43,050, அதுவும் தொடர்ச்சியாகவே இருந்தது. பெடல் ரப்பர் தேய்மானமும் ஓட்டத்துக்கு ஒத்துப்போனது.

செய்யாததையும் அந்த நோட்டு சொன்னது. பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. அது ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும். கூலன்ட்டும் பழசு, கிளட்ச் கனம். அதையெல்லாம் சொல்லித்தான் 2,95,000-ஐ 2,78,000-க்குக் கொண்டுவந்தேன்.

கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டி வரும் வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2018 கேரள வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கலாம்.

நம் கடற்கரைக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் சாக்கை விரித்துக் கீழே படுங்கள். தகடு உறுதியாக இருந்தால் மட்டும் பேப்பரைக் கேளுங்கள், கேட்டு அதில் இருப்பதை வண்டியிலேயே சரிபாருங்கள்.

சாவியோடு நோட்டையும் பெரியவர் என் கையில் தந்தார். பிரேக் ஆயில் மாற்றிய அன்று அவர் விட்ட இடத்துக்குக் கீழே 78,412 என்று எழுதினேன்.