இடது சில்லும் இரண்டு தங்கூசியும்

2025 ஜூலை 12, சனி

எங்கள் காரின் இடது முன்சில்லின் டை ராட் எண்டை (ஸ்டீரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை) மாற்றியாயிற்று. மதகடிக் கிடங்கில் (ரோட்டுப் பள்ளத்தில்) விழுந்த நாள் முதல் கேட்ட ‘டக் டக்’ சத்தம் இப்போது இல்லை. சில்லை இரு பக்கமும் பிடித்து ஆட்டினாலும் அசையவில்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது கடகடத்தால் அது பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். அந்த வியாதி எங்கள் காருக்கு இன்னும் வரவில்லை.

பழையதைக் கழற்றும்போது 17 சுற்று என்று எண்ணி வைத்து, புதியதையும் 17 சுற்றே ஏற்றினேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதது மடத்தனம் என்று தெரிந்தது. புதியதன் கழுத்து அரை நூல் (ஒன்றரை மில்லிமீட்டர் அளவு) குட்டை. பின்னேரம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஓட்டினால், கார் நேரே போகிறது, ஸ்டீரிங் மட்டும் வலப்பக்கம் சரிந்து நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மாமா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “கார் இடப்பக்கம் இழுக்குது தம்பி” என்றார். இல்லை மாமா என்றேன். ஸ்டீரிங்கை வலிந்து நேராகப் பிடித்தால்தான் இடப்பக்கம் போகிறது. கையை எடுத்துவிட்டால் ஸ்டீரிங் தானே சரிந்துகொள்ள, கார் நேரே போகிறது. இழுப்பு வேறு, கோணல் வேறு. இழுப்பு என்றால் முதலில் டயர்க் காற்றைப் பார்க்க வேண்டும், அடுத்து முன் டயர் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். நம் ரோட்டுகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சரிந்திருப்பதால், குறையில்லாத காரும் கொஞ்சம் இடப்பக்கம் சாயத்தான் செய்யும்.

“அப்ப கிண்ணியாப் பாலத்தில வச்சுப் பாப்பம், அது நேர்தானே” என்றார் மாமா. 396 மீட்டர் நேர்தான். ஆனால் இந்தக் கச்சான் (தென்மேற்குக்) காற்றில் அங்கே போனால் காரைச் சோதிப்பதா, காற்றைச் சோதிப்பதா?

டயர்க் காற்றை அளந்தேன்: வலது 28 psi, இடது 19. இதைச் செய்யாமல் கராஜுக்குப் போகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். போன வருடம் ஓரிடத்தில் அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தபோது ஒரு பக்க ராட்டை மட்டும் திருகி, ஸ்டீரிங்கைக் கோணலாகவே தந்தார்கள். “ஓட ஓடச் சரியாகும்” என்றார்கள். ஓடினேன். டயர்தான் தேய்ந்தது.

ஜூலை 19, சனி

சில்லின் கோணலை வீட்டிலேயே அளக்க, பக்கத்து வீட்டு அண்ணனிடம் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) வாங்கினேன். கடலுக்குப் போகிறவர், தடித்ததும் மெல்லியதுமாக வைத்திருக்கிறார். மெல்லியதே நல்லது, அளவு தெளிவாகத் தெரியும். மண் நிரப்பிய பெயின்ட் வாளி நாலு வைத்து, காரின் இரு பக்கமும் சில்லின் நடு உயரத்தில் இழுத்துக் கட்டினேன்.

இழுத்துக் கட்டுவது ஒன்றுமில்லை. நூலைக் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக நிறுத்துவதில்தான் முதுகு ஒடிந்தது. முன்சில்லுகளுக்கு நடுவிலுள்ள அகலமும் பின்சில்லுகளுக்கு நடுவிலுள்ள அகலமும் ஒன்றல்ல. ஆகவே முன்னே வலம் இடம் இரண்டிலும் நூலுக்கும் சில்லின் நடுவுக்கும் ஒரே தூரம், பின்னே வலம் இடம் இரண்டிலும் ஒரே தூரம் என்று வர வேண்டும். ஒரு வாளியைத் தள்ளினால் மற்ற மூன்றும் கணக்குத் தப்பும். இரண்டு மணி நேரம் போயிற்று.

எல்லாம் சரி என்று தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன். படலை திறந்திருந்தது. கோட்டைப் பக்கம் திரிகிற மான்களில் ஒன்று உள்ளே வந்து, கண்ணுக்குத் தெரியாத நூலைக் காலால் இழுத்து அறுத்துவிட்டு, மாமியின் செவ்வரத்தையைத் தின்றுகொண்டு நின்றது. வேறு ஊரில் யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள். இன்று இவ்வளவுதான்.

ஜூலை 20, ஞாயிறு

காற்று எழும்ப முன்னர், காலை ஆறு மணிக்கே தொடங்கினேன். அறுந்ததை முடிந்து, நூலில் சிவப்புத் துணித்துண்டும் கட்டினேன். ஸ்டீரிங்கை நேராக நிறுத்தி, அசையாமல் கயிற்றால் கட்டிய பிறகு, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அளந்தேன்.

இடது: முன் 141 மில்லிமீட்டர், பின் 145. வலது: முன் 146, பின் 145.

முன் அளவு குறைந்தால் சில்லு வெளியே பார்க்கிறது என்று பொருள். இடது சில்லு 4 மில்லிமீட்டர் வெளியே. வலது 1 உள்ளே. கார்ப் புத்தகம் கேட்பது இரண்டும் சேர்த்து 0 முதல் 2 வரை உள்நோக்கு. அப்படியானால் வலதைத் தொடவே வேண்டாம்.

எங்கள் காரில் டை ராட் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. ராட் நீண்டால் சில்லின் பின்பக்கம் வெளியே தள்ளப்படும், முன்பக்கம் உள்ளே வரும். ராட் முன்னால் உள்ள காரில் இது தலைகீழ். லொக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் உறையின் கிளிப்பையும் கழற்றினேன். இல்லாவிட்டால் ராட்டோடு சேர்ந்து உறையும் முறுக்கிக் கிழியும். பிறகு ராட்டை ஒரு சுற்றுத் திருப்பினேன்.

ஜாக்கை இறக்கி அளந்தால் இன்னும் மோசம்! கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து இருந்தேன். அப்புறம்தான் விளங்கியது: தூக்கி இறக்கிய சில்லு நிலத்தில் ஒட்டிக்கொண்டு, உள்ளே மடங்கியபடியே நிற்கிறது. நாலைந்து மீட்டர் பின்னே தள்ளி, முன்னே உருட்டிக் கொண்டுவந்தால்தான் இயல்பான நிலைக்கு வரும். நூலைக் கழற்று, உருட்டு, கட்டு, அள. மூன்று தடவை. மாமா தள்ளினார், ஏசினார், தள்ளினார்.

கடைசி அளவு: இடது முன் 145.5, பின் 145. லொக் நட் இறுக்கியாயிற்று.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமியைக் கோணேசர் கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டேன். மலையேற்றத்தில் ஸ்டீரிங் லேசாக இருந்தது. கூட்டத்தில் வேறு எதுவும் கவனிக்க முடியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நிலாவெளி வரை போய் வந்தேன். ஸ்டீரிங் நேர். திரும்பி வந்து டயரின் பூவின் (தரையில் படும் வெட்டுப் பகுதியின்) மேல் குறுக்கே கையைத் தடவினேன். வெளியே தடவும்போது வழுவழுப்பு, உள்ளே தடவும்போது வாள் பல் மாதிரி இன்னும் சுரசுரப்பு. பழைய தேய்வு. அது ஆற எத்தனை நூறு கிலோமீட்டர் ஆகுமோ, மாதம் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும்.

தங்கூசியை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன். விரலால் உருவிப் பார்த்து, “இதென்ன முடிச்சு?” என்றார். மான் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.