ஆவணியில் நடந்த கல்யாணம் புரட்டாசிக்குப் போன கதை

வீட்டில் எத்தனை போட்டோ இருக்கிறது என்று போன மாதம் வரை எனக்குத் தெரியாது. லேப்டாப், இரண்டு பழைய போன், நான்கு பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் கொட்டியபோது 23,000 சொச்சம் என்று காட்டியது. ஃபோல்டர்களின் பெயர்களோ 'புதுசு', 'புதுசு 2', 'இதுதான் புதுசு', 'அம்மா போன் அழிக்காதே'. ஒரு காலத்தில் பிகாசாவில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தேன். 2016-இல் கூகுள் பிகாசாவை நிறுத்தியது, நானும் அடுக்குவதை நிறுத்திவிட்டேன். நமக்கு ஒரு சாக்கு போதாதா?

நண்பர் ஒருவர் கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் சொன்னார். முகம் கண்டுபிடிக்குமாம், ஒரே படம் இரண்டு முறை இருந்தால் பிடித்துக் கொடுக்குமாம், தேதிவாரியாக வரிசைப்படுத்துமாம். சனிக்கிழமை சாயங்காலம் காபியோடு உட்கார்ந்தேன். நல்லவேளை, ஆரம்பிக்கும் முன் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வைத்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே முன்யோசனை இதுதான்.

இரட்டைப் படங்களைக் களைவது சுலபமாகத்தான் போனது. சித்தி பெண்ணின் வளைகாப்பு படம் ஒன்று மூன்று குடும்ப குரூப்களின் வழியாக வந்து, மூன்று அளவில் உட்கார்ந்திருந்தது. ரோஜாப்பூவோடு வந்த காலை வணக்கங்கள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டின. அழித்தேன். பாவம் சேர்ந்திருந்தால் சேரட்டும்.

அப்புறம் முகங்கள். மென்பொருள் ஒவ்வொரு முகமாக வெட்டி எடுத்து 'இவர் யார்?' என்று கேட்டது. நான் பெயர் கொடுக்கக் கொடுக்க, கற்றுக்கொண்டு அதுவே யூகிக்கத் தொடங்கியது. கோபுரத்துப் பொம்மைகளை யார் என்று கேட்டது. கல்யாண மண்டப வாசலில் வைத்த ஃபிளெக்ஸில் கைகூப்பி நிற்கும் பதினாறு பேரையும் யார் என்று கேட்டது. எனக்கே தெரியாது. குலதெய்வக் கோயிலில் எடுத்த படத்தில் கருப்பசாமி சிலையைக் கேட்டபோது, மரியாதையாக 'கருப்பசாமி' என்று பெயர் கொடுத்தேன். அடுத்த பக்கத்தில் என் மச்சானின் படத்தைக் காட்டி, 'கருப்பசாமியா?' என்றது. மீசை அப்படி. என் மனைவி எட்டிப் பார்த்து, "எங்க அண்ணனை என்னன்னு போட்டு வச்சிருக்கீங்க?" என்றாள். அத்தோடு முகம் பார்க்கும் வேலையை மூட்டை கட்டினேன்.

தேதிக்கு வந்தேன். வினையும் வந்தது.

காலவரிசையில் பார்த்தால் என் மகனின் காதுகுத்து 2007-இல் நடந்திருக்கிறது. எங்கள் கல்யாணம் 2009-இல். பின்னால் நின்றிருந்த மகன், "அப்போ உங்க கல்யாணத்துக்கு நானும் வந்திருந்தேனா?" என்று கேட்டான். எல்லாப் பிள்ளைகளும் 'என்னை ஏன் கூப்பிடவில்லை' என்றுதான் கேட்கும். அம்மா கையிலிருந்த அரிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

குற்றவாளி நான்தான். கேமராவை எடுத்து வைக்கும்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். பல நாள் அப்படிக் கிடந்தால் உள்ளேயிருக்கும் கடிகாரமும் நின்று, அடுத்த முறை போடும்போது 2007 ஜனவரி 1 என்று முதலிலிருந்து தொடங்கும். தேதி கேட்கும் திரையை 'சரி, சரி' என்று தாண்டிப் போவதுதான் நம் வழக்கம். கேமரா அந்தப் பொய்த் தேதியைப் படத்துக்குள்ளேயே எக்சிஃப் குறிப்பாக எழுதிவிடும். மென்பொருள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்.

திருத்த வழி உண்டு. ஒரே ஒரு படத்தின் உண்மையான தேதி தெரிந்தால் போதும். வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, அந்த வரிசையில் உள்ள எல்லாப் படங்களையும் அத்தனை நாள் முன்னே தள்ளிவிடலாம். ஒரு படத்தில் பின்சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. பெரிதாக்கிப் பார்த்தேன். 27, வெள்ளி.

"காதுகுத்து வெள்ளிக்கிழமையா வச்சோம்? ஞாயித்துக்கிழமைடா" என்றார் அம்மா.

"காலண்டர்ல வெள்ளின்னு இருக்கேம்மா."

"ரெண்டு நாளா பந்தக்கால், பலகாரம்னு ஓடிக்கிட்டிருந்தோம். காலண்டர் கிழிக்க யாருக்குடா நேரம்?"

சொல்லிவிட்டு பீரோவைத் திறந்து மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே ரேஷன் கார்டு ஜெராக்ஸ், தோடு வாங்கிய பில், அதற்குக் கீழே நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. 2012 ஜனவரி 29, தை 15, ஞாயிறு. தேடியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. என் மென்பொருள் 23,000 படங்களைப் படித்து முடிக்க ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டது.

கேமரா கணக்கில் அது 2007 ஜனவரி 3. வித்தியாசம் 1852 நாள். படங்களைத் தேர்ந்தெடுத்து, எண்ணை அடித்து, சரி கொடுத்தேன். பட்டை ஓடியது. காதுகுத்து 2012-க்கு வந்து சேர்ந்தது. எழுந்து சோம்பல் முறித்தேன்.

"நம்ம கல்யாணம் எங்கே?" என்றாள் மனைவி.

2009-இல் இல்லை. தேர்ந்தெடுத்தபோது கல்யாண ஃபோல்டரும் அதில் சிக்கியிருக்கிறது. அதற்கும் அதே 1852 நாள். தேடிப் பிடித்தால், 2014 செப்டம்பர் 25.

மகன் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினான். மனைவி, "அஞ்சு வருஷம் நிம்மதியா இருந்திருக்கலாம்" என்றாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார்.

"செப்டம்பர் 25னா புரட்டாசி ஒன்பது. புரட்டாசியில கல்யாணமாடா வைப்பாங்க? எந்த ஜோசியன் குறிச்சுக் கொடுத்தான்?"

பிள்ளை பிறந்து மூன்று வருடம் கழித்துக் கல்யாணம் என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மாதம்தான் உறுத்தியது. நகல் டிஸ்கை எடுத்துச் செருகி, பழைய கல்யாண ஃபோல்டரைக் கொண்டுவந்து போடும்வரை நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

"ஆவணி 14, ஞாயித்துக்கிழமை. இருக்கா?"

"இருக்கும்மா."

முறத்தை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வந்து, பீரோவைப் பூட்டி, சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டார்.