பழையபேட்டையிலிருந்து காத்தான்குடி வரை

இலங்கை முஸ்லிம்களின் அரசியல்தான் என் ஆராய்ச்சி என்று சொன்னதும் கிருஷ்ணகிரியில் வரும் முதல் கேள்வி, "அங்கே முஸ்லிம்கள் இருக்காங்களா?" இரண்டாவது, "இதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்களா?" இரண்டுக்குமே ஆமாம் என்பதுதான் பதில். இரண்டாவதை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பழையபேட்டையில் எங்கள் பழைய வீட்டுக்கே வந்துவிட்டேன். புத்தக மூட்டைகளைப் பிரித்து அடுக்க உதவிய என் தங்கை மகள் ஒவ்வொரு தலைப்பாகப் படித்துக்கொண்டே வந்தாள். "காலா (பெரியம்மா), எல்லாமே சண்டை, குண்டு, தீவிரவாதம். இவ்வளவு வருஷம் இதையே படிச்சா எப்படித் தூக்கம் வந்துச்சு?" என்றாள். நான் படித்தது பெரும்பாலும் சண்டை அல்ல, தேர்தல் முடிவுகளும் நிலக் கணக்கும்தான் என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பேசுவது தக்னி உருது. வாசலைத் தாண்டினால் தமிழ். சந்தைக்குப் போனால் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். அப்பா நகராட்சி உருதுப் பள்ளி ஆசிரியர். உருதுக் கவிதையை மனப்பாடமாகச் சொல்லுவார், ஓட்டை மட்டும் திராவிடக் கட்சி எதனுடன் கூட்டணி என்று பார்த்துத்தான் போடுவார். 1948இல் சென்னையில் காயிதே மில்லத் தலைமையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீக், 1967இல் அண்ணாவுடனும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியுடனும் ஒரே அணியில் நின்றது. ராஜாஜி நம்ம ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர். காங்கிரசும் ஜின்னாவின் லீக்கும் ஒத்துப்போக 1944இல் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அது அப்போது எடுபடவில்லை. கால் நூற்றாண்டு ஆகுமுன்னே சென்னை மாநிலத்தில் லீக்கோடு ஒரே மேடையில் ஏறிவிட்டார்.

எண்பதுகளின் கடைசியில் சென்னையில் எம்.ஏ. அரசியல் படிக்கும்போது இலங்கை என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கே முஸ்லிம்கள் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது தமிழ், கவிதை எழுதுவது தமிழ். ஆனால் "நாங்கள் தமிழர் அல்ல, தனி இனம்" என்கிறார்கள். வீட்டில் தமிழே பேசாத என் குடும்பமோ தமிழ்நாட்டு அரசியலுக்குள் எந்தச் சங்கடமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மார்க்கம் ஒன்று, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒன்று. அரசியல் மட்டும் ஏன் இப்படித் தலைகீழ்? இதற்குக் குர்ஆனில் பதில் தேடிப் பயனில்லை என்பது அன்றே புரிந்தது. வரைபடத்தில்தான் தேட வேண்டியிருந்தது.

வரைபடம் என்றால் கிழக்கு மாகாணத்தின் வரைபடம். திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை. அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம்கள். கொழும்பில் வியாபாரம் செய்யும் முஸ்லிம்களைப் போல அல்ல, பலரும் நெல் விவசாயிகள், மீன்பிடிப்பவர்கள். நெடுங்காலம் அவர்களுக்காகப் பேசியவர்கள் கொழும்பு, கண்டிப் பிரமுகர்கள். ஐக்கிய தேசியக் கட்சியிலோ சுதந்திரக் கட்சியிலோ அமைச்சராகிவிட்டால் அவர்களுக்குப் போதும். கல் ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தில் சிங்களக் குடியேற்றங்கள் வந்ததும், வயல் கையை விட்டுப் போகுமோ என்று கிழக்கு விவசாயி பயந்ததும் அந்தப் பிரமுகர்களைப் பெரிதாக உறுத்தவில்லை.

1987 ஜூலை 29. ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம் ஆகும் என்றது அது. எங்கள் வகுப்பில் இந்திய அமைதிப்படை பற்றித்தான் விவாதம். கிழக்கு முஸ்லிம் போட்ட கணக்கோ வேறு: நேற்றுவரை மூன்றில் ஒரு பங்கு, இன்று இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1981இல் மட்டக்களப்பு மாவட்டத்துக் காத்தான்குடியில் சின்னதாகத் தொடங்கிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், கல்முனை வழக்கறிஞர் எம்.எச்.எம். அஷ்ரஃப் கையில் பெரிய கட்சியாக வளர்ந்தது இதற்குப் பிறகுதான்.

நான் அதிகம் மெனக்கெட்ட இடம் அடுத்தது. கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும், ஆனாலும் சொல்கிறேன். இலங்கையின் விகிதாசாரத் தேர்தல் முறையில் அப்போது ஒரு மாவட்டத்தில் 12.5 சதவீத ஓட்டு வாங்காத கட்சிக்கு அங்கே ஒரு இடமும் கிடையாது. சிறிய கட்சிகளுக்கு அது மூடிய கதவு. 1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல். ஆளுங்கட்சி வேட்பாளர் பிரேமதாசாவுக்கு ஒவ்வொரு ஓட்டும் தேவை. அஷ்ரஃப் பணம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. 12.5ஐ 5 ஆக்குங்கள் என்றார். அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் அதே மாதம் நிறைவேறியது. 1989இல் அவருடைய கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. 1994இல் அவர் துறைமுக அமைச்சர். 2000இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறக்கும்வரை, கொழும்பில் ஆட்சி அமைப்பவர்கள் அவரைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியவில்லை. மேடையில் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கியது. வெளியூர் ஆய்வாளர்கள் அதைத்தான் எழுதினார்கள். என் ஆய்வேட்டில் பாதி அந்த 12.5 சதவீதத்தைப் பற்றியது.

1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய செய்தி வந்தபோது சென்னையில் எனக்குப் பேச ஆள் இல்லை. ஈழத்துக்காக உண்டியல் குலுக்கிய நண்பர்கள், "இப்போ இதைப் பேசாதே" என்றார்கள். மறு வருடம் ஸ்ரீபெரும்புதூர். அதற்குப் பிறகு இலங்கை என்று தலைப்பில் இருந்தாலே நூலகத்தில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒரு நேர்முகத் தேர்வில், எந்த நிறுவனம் என்பது வேண்டாம், "நீங்களே முஸ்லிம். இந்த விஷயத்தில் நடுநிலையாக இருக்க முடியுமா?" என்று கேட்டார்கள். பக்கத்து அறையில் இந்துத் தேசியம் பற்றி ஆய்வு செய்ய வந்திருந்த ஐயரிடம் அப்படிக் கேட்டார்களா என்று நானும் கேட்டேன். அந்த வேலை கிடைக்கவில்லை.

2002 பிப்ரவரியில் போர் நிறுத்தம் வந்த பிறகுதான் களத்துக்குப் போக முடிந்தது. முதலில், வெளியேற்றப்பட்டவர்கள் தங்கியிருந்த புத்தளம். கிடுகு வேய்ந்த குடிசைகள், உப்புக் காற்று, குடிநீருக்கு வரிசை. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கடை வைத்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கெடு. ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, நகையையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வடக்கு முழுவதுமாகச் சேர்த்து ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் அப்படிப் போனார்கள். அவர் பையைச் சோதித்தவர்கள் ஒரு கொப்பியை மட்டும் தூக்கித் திருப்பிப் போட்டுவிட்டார்களாம். அதைக் கொண்டுவந்து காட்டினார். கடன் கொப்பி. நீலக் கோடு போட்ட தாள், பென்சிலில் பெயர்கள், எதிரே தொகை. எல்லாம் பக்கத்துத் தெருத் தமிழர்கள். ஒரு பெயரையும் அவர் அடிக்கவில்லை.

"தரமாட்டாங்க எண்டில்ல மகள். தாறதுக்கு வழி இல்ல" என்றார்.

அப்புறம் என்னைப் பற்றி விசாரித்தார். வீட்டில் உருதுதான் பேசுவோம் என்றதும் சிரித்துவிட்டார். "உங்கட வீட்டில தமிழே இல்ல, நீங்க தமிழ்நாட்டு ஆள். எங்கட வீட்டில தமிழைத் தவிர ஒண்டும் இல்ல, எங்களுக்கு ஊர் இல்ல. இதைத்தான் நீங்க படிக்கிறீங்களா?" ஆமாம், அதையேதான்.

அந்த ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் கூட்டத்தில் வெளியேற்றத்துக்குப் புலிகளின் அரசியல் ஆலோசகர் ஆன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். சில நாளில், அஷ்ரஃபுக்குப் பிறகு முஸ்லிம் காங்கிரஸ் தலைவரான ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஆனால் நார்வே ஏற்பாடு செய்த பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்குத் தனி இருக்கை இல்லை. ஹக்கீம் அரசுத் தரப்பில் ஒருவராகத்தான் உட்கார்ந்தார். சமாதானப் பேச்சு பற்றி நான் படித்த ஆங்கிலக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அரசு, புலிகள் என்று இரண்டு தரப்பை மட்டுமே எண்ணின. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் 1990 ஆகஸ்ட் 3 இரவுத் தொழுகையில் பாய்ந்த குண்டுகளின் துளைகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அன்று அங்கும் அடுத்த பள்ளியிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இரண்டு தரப்பு என்று எழுதியவர்களை அந்தச் சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

இதற்கிடையில் உலகம் மாறிவிட்டிருந்தது. 2001 செப்டம்பருக்கு முன்னால் கருத்தரங்குகளில் என் கட்டுரைக்கு நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் ரயில் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு காலை முதல் அமர்விலேயே கூப்பிட்டார்கள், அழைப்பிதழில் "பாதுகாப்பு" என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. பாரி புசான், ஓலே வேவர் போன்ற சர்வதேச அரசியல் அறிஞர்கள் இதைப் பற்றித்தான் எழுதினார்கள். ஒரு விஷயத்தை ஆபத்து என்று அறிவித்துவிட்டால் வழக்கமான அரசியல் பேரம் நின்றுபோகும், அவசர நடவடிக்கை மட்டுமே மிஞ்சும் என்றார்கள். அதை வகுப்பில் நடத்திய நானே அந்த அழைப்பிதழ்களால் வாழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமானக் கட்டணம் அவர்கள்தான் தந்தார்கள்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கைத் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கும்பலின் தலைவன் ஸஹ்ரான் காத்தான்குடிக்காரன் என்று தெரிந்ததும் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு. "அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுங்க மேடம், இதுக்கு என்ன காரணம்?" நான் ஊர்க்காரர்களே அவனைப் பற்றிப் புகார் கொடுத்ததையும், 2017இல் சூஃபி பிரிவினரோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவானதையும், இந்தியா ஏப்ரல் 4ஆம் தேதியே எச்சரித்ததையும் சொல்ல ஆரம்பித்தேன். விளம்பர இடைவேளை வந்துவிட்டது. அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொகுதிக் கணக்கு அஷ்ரஃபை விளக்கும், ஸஹ்ரானை விளக்காது. அவன் தேர்தலையே தூக்கி எறிந்தவன். எல்லாவற்றையும் நிலம், ஓட்டு, இடஒதுக்கீடு என்று சுருக்குபவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. நூலும் சொற்பொழிவும் இணையமும் சேர்ந்து செய்யும் வேலை தனி. ஆனால் அவன் செய்ததற்கான விலையைக் கொடுத்தது அஷ்ரஃபின் ஓட்டாளர்கள். முகத்திரைத் தடை வந்தது, கடைகள் எரிந்தன. 2020இல் கோவிட்டில் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று ஒரு ஆணை வந்தது. மறு வருடம் பிப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதித்தார்கள், 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. புத்தளத்தில் எனக்குச் சோறு போட்ட ஒரு அம்மா அந்த மாதங்களில் போனில் அழுததைக் கட்டுரையில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று இங்கே நினைக்கிறார்கள். எங்கள் தலைக்கு மேல் நிற்கும் சையத் பாஷா மலைக் கோட்டையே 1767இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை முற்றுகையிட்ட இடம். 1769 ஒப்பந்தத்தில் தாக்குதல் வந்தால் ஒருவருக்கொருவர் உதவுவோம் என்று ஹைதர் அலியோடு எழுதிக்கொண்டு, மராத்தியர் வந்தபோது கம்பெனி கையை விரித்தது. ஹைதர் அதை மறக்கவே இல்லை. 1792இல் எங்கள் பகுதியான பாராமகால் முழுவதும் திப்புவின் கையிலிருந்து போனது. கூட்டணி உறுதிமொழி என்றால் என்ன விலை என்பதற்கு மாணவர்களுக்கு நான் ஐரோப்பாவிலிருந்து உதாரணம் எடுத்ததே இல்லை.

இப்போது என்னிடம் அதிகம் பேசுபவர்கள் மாங்காய் மண்டிக்காரர்கள். பெங்களூரா மாம்பழக் கூழ் டிரம்மில் அடைத்துச் சவுதிக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. 2023 நவம்பரில் யேமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பலைப் பிடித்ததிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. பத்துப் பன்னிரண்டு நாள் கூடுதல், கண்டெய்னர் வாடகையும் ஏறியது. "யாரு மேடம் இந்த ஹூதி? ஈரான் ஆளுங்களா?" என்று ஒரு மண்டி முதலாளி கேட்டார். ஈரான் ஆயுதம் தருவது உண்மை. ஆனால் யேமனின் சஅதா மலைப்பகுதியில் வாழும், ஷியாக்களில் ஒரு பிரிவான ஸைதி மக்கள் 1962இல் இமாம் ஆட்சி போன பிறகு ஓரங்கட்டப்பட்டதையும், அவர்கள் ஊருக்குள்ளேயே கடுமையான சுன்னிப் பிரிவான சலஃபிகளின் மதரஸா வந்து உட்கார்ந்ததையும், 2004இல் தலைவர் ஹுசைன் அல்ஹூதி கொல்லப்பட்டதையும் சொன்னேன். பெஞ்சில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். கருத்தரங்கில் கிடைக்காத கவனம்.

"அப்ப சண்டை நின்னா வாடகை உடனே குறையுமா?"

உடனே குறையாது என்றேன். துப்பாக்கி நின்ற பிறகும் காப்பீட்டுக்காரர்கள் போர் ஆபத்துக் கட்டணத்தை அவசரப்பட்டு இறக்க மாட்டார்கள். கப்பல் கம்பெனிகள் மற்றவன் முதலில் போகட்டும் என்று காத்திருக்கும். பேச்சுவார்த்தைச் செய்தியைப் பார்த்து விலை பேசாதீர்கள், பெரிய கம்பெனிகள் சூயஸ் வழியை மறுபடி அட்டவணையில் போடுகிறார்களா என்று பாருங்கள் என்றேன். அவர் போனை எடுத்துத் தன் மகனைக் கூப்பிட்டு, அந்த ஜெர்மனி ஆர்டருக்கு இப்போதைக்கு விலை சொல்ல வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மேற்கொண்டு கேட்க வியாழக்கிழமை வரலாமா என்றார். வியாழன் எனக்கு வேறு வேலை, வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன்.