ஊழியர் மாநாட்டுக்குக் கேட்கிறவராகப் போங்கள்

வருஷம் முழுக்கப் பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு வேதத்தைத் திறந்தாலே கை பேனாவைத் தேடும். வாசிக்கிற வசனமெல்லாம் அடுத்த ஞாயிறு செய்திக்குக் குறிப்பாகிவிடும். சண்டே ஸ்கூல் ஆசிரியர், பாடகர் குழுத் தலைவர், வாலிபர் கூட்டப் பொறுப்பாளர் எல்லாருக்கும் இதே பாடுதான். ஊழியத்தில் இருக்கிறவர்களின் விசுவாசம் வறண்டு போவதற்கு, நான் பார்த்தவரையில், இதுதான் பெரிய காரணம். ஆண்டவரோடு தனியாக இருக்கிற நேரமும் வேலை நேரமாகிவிடுகிறது.

ஊழியர் மாநாடு, அதாவது சபை ஊழியம் செய்கிறவர்கள் சில நாள் கூடுகிற கூட்டம், இதற்கு உண்மையிலேயே உதவும். அங்கேயும் செய்தி சேகரிக்க உட்கார்ந்தால் உதவாது.

1 இராஜாக்கள் 19-ஐப் போகிறதற்கு முன் ஒருதரம் நிதானமாக வாசியுங்கள். சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் காட்டியது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டான், திரும்பப் படுத்தான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான் தூதன். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று ஆண்டவர் கேட்கிற கேள்வி ஓரேப் மலையில், அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

சென்னை மாநாடுகளில் முதலில் அடிபடுவது இந்தத் தூக்கம்தான். பகலில் மூன்று நான்கு செய்திகள், இரவு எழுப்புதல் கூட்டம். அது முடிந்து எழும்பூரில் மின்சார ரயில் பிடித்து தாம்பரத்துக்கோ கூடுவாஞ்சேரிக்கோ போய்ச் சேர்ந்து, விடிகாலை மறுபடி கிளம்பினால், இரண்டாம் நாள் மதியமே உடம்பு விட்டுவிடும். ஆராதனையில் மனசு ஒட்டவில்லையே என்று அப்போது பலர் கலங்குகிறார்கள். பாதிக்கு மேல் அது தூக்கக் குறைவு. தங்க இடம் கொடுத்தால் தங்கிவிடுங்கள். கொண்டுபோக வேண்டியவை: போர்வை, பூட்டு, தண்ணீர் பாட்டில், கொசுவத்தி, சபை ஆயரின் கடிதம், ஆதார் நகல். தங்க முடியாவிட்டால் இரவுக் கூட்டங்களில் ஒன்றை விட்டுவிடலாம், பாவமில்லை. 1938-ல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனரி மாநாடு டிசம்பர் 12 முதல் 29 வரை நடந்தது. அவ்வளவு நாள் பேசியதை நாம் மூன்று நாளில் அடைக்கப் பார்க்கிறோம்.

அரங்கில் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேரெதிரே உட்காராதீர்கள். பாட்டு முடிவதற்குள் தலை வலிக்கும். முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, ஓர வரிசை நல்லது. ஏசி நேராக அடித்தால் துண்டோ சால்வையோ தேவைப்படும்.

குறிப்பேட்டில் ஒரு செய்திக்கு ஒரு பக்கம், அதில் மூன்றே வரிகள். எனக்கு என்ன சொல்லப்பட்டது, யாரிடம் ஒப்புரவாக (சமாதானமாக) வேண்டும், எது இன்னும் புரியவில்லை. தலைப்பு, உட்தலைப்பு, உதாரணக் கதை எதையும் எழுத வேண்டாம். பெரும்பாலான செய்திகள் பிறகு யூடியூபில் வந்துவிடுகின்றன. மொழிபெயர்ப்போடு வருகிற செய்தியில் ஆங்கில வாக்கியம் ஓடும்போது வசனத்தைப் பாருங்கள், தமிழ் வரும்போது கேளுங்கள். இரண்டையும் பிடிக்கப் போனால் இரண்டும் நழுவும்.

காணிக்கை எவ்வளவு என்பதை வீட்டிலேயே கணவன் மனைவி பேசி முடித்துவிட வேண்டும். மிஷனரிகளைத் தாங்கும் மாதாந்தரப் படிவத்தையும் வீட்டுக்கு எடுத்து வந்து நிரப்புங்கள். முழுநேர ஊழிய அழைப்புக்கு எழுந்து நிற்கிறவர்களின் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் வேலையை ராஜினாமா செய்வது அந்த ராத்திரியின் முடிவாக இருக்கக் கூடாது. குடும்பத்தோடும் ஆயரோடும் பேசி, ஒரு மாதமாவது ஜெபித்த பிறகும் அதே பாரம் இருந்தால் அடுத்த அடி வையுங்கள்.

மாநாட்டில் ஒவ்வொருவருக்காகவும் தனியாக ஜெபிக்கிற நேரத்தைத் தவறவிடாதீர்கள். பிறருக்காகக் கைவைத்து ஜெபிக்கிறவர்கள் தங்களுக்காக ஜெபிக்கச் சொல்வது அரிது. ஊழியப் பிரச்சினையைச் சொல்லாமல் உங்கள் நிலைமையைச் சொல்லுங்கள்: வீட்டில் கோபம், ஜெபிக்க முடியாமை, சக ஊழியர்மேல் பொறாமை.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, கேட்ட செய்தியைச் சபையில் பேச வேண்டாம். பேசித் தீர்த்தால் அது உங்களுக்குள் வேலை செய்ய இடமிருக்காது. ஆயிரம் பேர் பாடியதைக் கேட்ட காதுக்கு, ஒரு கீபோர்டும் நாற்பது பேருமாக இருக்கிற சொந்தச் சபை அன்றைக்குச் சோர்வாகத் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் பொறுங்கள், பார்வை சரியாகிவிடும். எழுதி வைத்த ஒப்புரவை அதற்குள் முடியுங்கள். வீட்டு ஆட்களிடமிருந்து தொடங்குங்கள்.

பத்துத் தீர்மானம் வேண்டாம். மாற்கு சுவிசேஷம் பதினாறு அதிகாரம், நாளுக்கு ஒன்று வாசியுங்கள், கையில் பேனா இல்லாமல். முடிந்ததும் லூக்கா.

எலியாவுக்குக் கடைசியில் துணைக்கு எலிசா கிடைத்தான். மாநாட்டில் பழகிய, உங்கள் சபையைச் சேராத ஒருவரோடு வாரத்துக்கு ஒரு போன் பேச ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, பிரசங்கத்துக்காக இல்லாமல் இந்த வாரம் எதை வாசித்தீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டால் போதும்.