ஜூலியின் ‘நில்’ ரிப்போர்ட்

மும்பையில் மோப்ப நாய்க்கு மரியாதை என்று பேச்செடுத்தால் அது ஜஞ்சீரில்தான் போய் நிற்கும். 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். அதையொட்டி நடந்த தேடல்களில் மும்பை போலீஸின் அந்த லாப்ரடார் 3,329 கிலோ ஆர்டிஎக்ஸ் வெடிமருந்து, 600 டெட்டனேட்டர், 249 கையெறி குண்டுகளைக் காட்டிக்கொடுத்தது. 2000 நவம்பரில் எலும்புப் புற்றுநோயில் செத்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதிகாரி மலர்வளையம் வைக்கும் படம் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 26/11 மும்பைத் தாக்குதல் சமயத்தில் வேலை பார்த்த மேக்ஸ், சுல்தான், டைகர், சீசர் நான்கும் 2016ல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பற்றியும் பேப்பரில் எழுதினார்கள்.

எங்கள் வெடிகுண்டு மோப்ப நாய் ஜூலிக்கு அப்படிக் கிலோக் கணக்கில் சொல்ல எதுவும் இல்லை. ரிட்டையர் ஆகி, கல்யாணில் என் கூட்டாளியின் குவார்ட்டர்ஸில் இருந்தவள், ஒரு மழைக்காலக் காலையில் எழுந்திருக்கவில்லை. மரியாதை செய்து அடக்கம் பண்ண அனுமதி கிடைத்துவிட்டது. அப்புறம்தான் அதிகாரி கூப்பிட்டுக் கேட்டார்: “இவள் சர்வீஸில் என்னென்ன பிடித்திருக்கிறாள்? வாசிப்பதற்கு ரெண்டு வரி எழுதிக் கொடு.”

நியாயமான கேள்விதான். ஆனால் சிஎஸ்எம்டி (மும்பை சத்ரபதி சிவாஜி டெர்மினஸ்) ஸ்டேஷனில் வெடிகுண்டு மோப்ப நாயின் டைரியைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ‘நில்’ (nil), அதாவது ஒன்றுமில்லை, என்றுதான் இருக்கும். பெட்டி பார்த்தோம், நில். பார்சல் ஆபீஸ் பார்த்தோம், நில். யாரோ மறந்துவிட்டுப்போன பை, உள்ளே டிபன் பாக்ஸ், நில். வெளியே இருப்பவர்களுக்கு இது வேலையே நடக்காத மாதிரி தெரியும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வண்டிக்கு சிக்னல் விழுகிறது. 26/11 நடந்து ஒரு வாரம் கழித்து, 2008 டிசம்பர் 3 அன்று, இதே ஸ்டேஷனில் கேட்பாரற்றுக் கிடந்த பைகளுக்கு நடுவே குண்டு கிடைத்தது. அத்தனை நாளும் ஜனங்கள் அதைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் ‘நில்’ எழுதும்போது எங்களுக்கு இன்றும் கை கொஞ்சம் தயங்கும்.

அந்தச் சொல்லை வாங்குவது லேசில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் வந்து நின்றால் பிளாட்பாரம் முழுக்கக் கருவாட்டு வாசம். முறுக்கு டின், எண்ணெய்க் கேன், மல்லிகைப்பூ, குழந்தை வாந்தி எல்லாம் கலந்து அடிக்கும். ஜூலி கருவாட்டுப் பக்கம் ஒரு தரம் மூக்கைத் திருப்புவாள், உடனே தானே வெட்கப்பட்ட மாதிரி அடுத்த பைக்குப் போய்விடுவாள். ஆனால் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்க ஆரம்பித்தால் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. மே மாத மும்பைப் புழுக்கத்தில் அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. தண்ணீர் கொடுத்து ஃபேன் கீழே உட்காரவைத்து, மறுபடி வேலையில் இறக்க வேண்டும். “நாயி மேல படாம கூட்டிட்டுப் போங்க தம்பி” என்று பெண்கள் சேலையை இழுத்துக்கொள்வார்கள். சரிம்மா என்று ஒதுங்கிப் போவோம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தேடித் தேடி எதுவும் கிடைக்காவிட்டால் நாய்க்கு வேலையே சலித்துப்போகும். அதனால் நாங்களே பயிற்சிப் பொட்டலத்தை எங்காவது ஒளித்துவைப்போம். மோப்பம் கிடைத்ததும் ஜூலி குரைக்க மாட்டாள். வெடிகுண்டு நாய் குரைக்கவோ பிறாண்டவோ கூடாது. அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்து, காதை விறைத்துக்கொண்டு, என் இடது பாக்கெட்டைப் பார்ப்பாள். கண்டுபிடித்தால் பரிசாகக் கொடுக்கும் பந்து அங்கேதான் இருக்கும். ஆக, எங்கள் டைரியில்தான் நில். அவளைக் கேட்டிருந்தால் வாரம் தவறாமல் குண்டு பிடித்ததாகச் சொல்லியிருப்பாள்.

பொட்டலம் வைக்காத இடத்தில் ஒரே ஒரு முறை உட்கார்ந்தாள். தீபாவளிக்கு முந்தைய வாரம், நாகர்கோவில் வண்டியில் வந்து இறங்கிய விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். டிராலி பேக் முன்னால் ஜூலி உட்கார்ந்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஆட்களை விலக்கி, வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவான பி.டி.டி.எஸ்.ஸுக்குச் சொல்லி, பெரியவரைத் தனியே நிறுத்தினோம். அவர் தமிழில் கெஞ்சினார்: “தம்பி, பேரப்பிள்ளைகளுக்குப் பட்டாசுய்யா, நம்ம ஊரு சரக்கு.” ரயில்வே சட்டம் 164ம் பிரிவில் இதற்கு மூன்று வருஷம் வரை ஜெயில் உண்டு என்று சொன்னதும் உட்கார்ந்தே விட்டார். ஜூலி என் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தைக் கொடுத்தேன்.

அதிகாரிக்கு எழுதிக் கொடுத்ததில் இதைச் சேர்க்கவில்லை. “இவள் பார்த்து அனுப்பிய எந்த வண்டிக்கும் எதுவும் ஆகவில்லை” என்று மட்டும் இந்தியில் எழுதினேன். அவர் படித்துவிட்டு, “ஒன்றுமே கைப்பற்றவில்லையா?” என்றார். “பட்டாசு உண்டு சார்.” சிரித்தார். “அதையும் எழுது.”

தேசியக் கொடி போர்த்தலாமா என்று ஒரு பேச்சு வந்தது. கொடி விதிப்படி அரசு, ராணுவ, மத்தியத் துணை ராணுவ இறுதிச் சடங்குகளில்தான் போர்த்தலாம்; அப்போதும் குழிக்குள் இறக்கக் கூடாது. எதற்கு வம்பு என்று வெள்ளைத் துணியோடு நிறுத்திக்கொண்டோம். குழியில் உப்புக் கொட்டி, மாலை போட்டு, எல்லோரும் சல்யூட் வைத்தோம். அதிகாரி தாளை வாசித்தார். பட்டாசு இடம் வந்ததும் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், அழுதுகொண்டிருந்த என் கூட்டாளியும்தான். வீட்டில் வைத்து அவளுக்கு ஊட்டிவிட்டவர் அவர். நாய் செத்ததற்கென்று லீவு ஃபாரத்தில் காரணம் எழுத முடியாது. அன்றைக்கு அவருடைய நைட் டூட்டியை நான் பார்த்தேன்.