ஏறுதண்ணீரோடு உள்ளே: ஹேவ்லாக் அலையாத்திக் காட்டில் கயாக்

துடுப்புப் போடும் சின்னப் படகான கயாக்கில் கூட்டிப் போக ஆள் தேடியபோது சிலரிடம் தொலைபேசியில் பேசினேன். எத்தனை பேர், போட்டோ வேண்டுமா, டிரோன் வீடியோ வேண்டுமா என்றுதான் பெரும்பாலும் ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும் "எந்தத் தேதி, அக்கா?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. அப்புறம், "அன்னைக்கு எட்டரை வாக்குல தண்ணி முழுசா ஏறும். அஞ்சே முக்காலுக்கு வந்துடுங்க. ஆறரைக்கு மேல வந்தா நான் கூட்டிட்டுப் போறதில்ல" என்றார். எங்களுக்கு எந்த நேரம் வசதி என்று அவர் கேட்கவே இல்லை. அது எனக்குப் பிடித்துப்போனது.

இடம், அந்தமானில் ஹேவ்லாக். 2018 டிசம்பர் முதல் அரசாங்கப் பெயர் ஸ்வராஜ் த்வீப். கப்பல் டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கும், வாயில் ஹேவ்லாக்தான். பெரும்பாலோர் ராதாநகர் கடற்கரைக்கும் பவளப்பாறைக்கும் வருகிறார்கள். காட்டை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை. ஆனால் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி அந்தமான் நிக்கோபாரில் 616 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காடு இருக்கிறது. மேற்கு வங்கத்துக்கும் குஜராத்துக்கும் அடுத்தபடி இங்கேதான் அதிகம். பிச்சாவரம், முத்துப்பேட்டை எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டுக்கு அதே அறிக்கை தரும் கணக்கு 45 சதுர கிலோமீட்டர்.

என்னோடு வந்தது அண்ணன் மகள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த தெம்பில் இருந்தாள். ஐந்தே முக்கால் என்றதும் முகம் சுளித்தாள், ஆனால் அங்கே அது விடியற்காலை இல்லை. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது; ஹேவ்லாக் இருப்பது 93-ஐ ஒட்டி. சூரியன் கடிகாரத்தை விட ஏறக்குறைய 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. மார்ச் மாதத்தில் நாங்கள் கரைக்குப் போனபோது நன்றாகவே வெளிச்சம் வந்திருந்தது.

வழிகாட்டி போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தாத்தா காலத்தில் குடும்பம் வந்ததாம். நடுநடுவே இந்தி கலந்த தமிழ். உயிர்காப்பு அங்கியை எங்கள் மேல் மாட்டி, தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். அங்கி காதுவரை ஏறினால் வார் தளர்வு என்று அர்த்தம்; இறுக்கிவிட்டு மறுபடி இழுத்தார். செல்போன், கண்ணாடி எல்லாம் தண்ணீர் புகாத பைக்குள். நீந்தத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "பரவால்ல, மிதந்தா போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

எங்களுக்குக் கொடுத்தது இரண்டு பேர் உட்காரும் கயாக், மேலே உட்காரும் வகை. கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள வழியில்லை, அதனால் புதியவர்களுக்கு நல்லது. இரட்டை கயாக்குக்கு உலகம் பூராவும் விவாகரத்துப் படகு என்றொரு பட்டப்பெயர் உண்டு. முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிப்பார், பின்னால் இருப்பவர் திசையைத் தீர்மானிப்பார், இரண்டு பேரின் துடுப்பும் மோதும். எடை கூடியவர் பின்னால் என்ற விதிப்படி நான் பின்னால். "அத்தை, நீங்க நிறுத்துங்க, நான் போடுறேன்" என்பது அன்று காலை பலமுறை கேட்ட வாக்கியம். கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பித் துடுப்புப் போட வேண்டும் என்று வழிகாட்டி சொன்னதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். எனக்கு அது வரும்போது ஓடையின் வாய் வந்துவிட்டது.

வெளியே கடல் திறந்து கிடக்கிறது. ஓடைக்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிடுகிறது. துடுப்பை மடியில் வைத்துவிடச் சொன்னார். வைத்த பிறகும் படகு உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஏறுதண்ணீர் தள்ளிக்கொண்டு போகிறது. அமாவாசையை ஒட்டிய நாள், ஓதம் வலுவாக இருக்கும். இந்தப் பக்கம் அப்படிப்பட்ட நாளில் நீர்மட்டம் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏறும்போது உள்ளே போய், உச்சம் தொட்டு நிற்கும் நேரத்தில் திரும்பி, வடியும் தண்ணீரோடு வெளியே வந்துவிட வேண்டும். பயணத்தின் திட்டம் மொத்தமும் இதுதான். ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால் தினமும் காலை ஆறு மணி என்று பலகை எழுதி வைக்க முடியாது. எழுதி வைத்திருப்பவர்கள் சில நாள் சேற்றைத்தான் காட்டுவார்கள்.

இருபுறமும் சுரபுன்னை. அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கும் தாங்கு வேர்களுக்கு நடுவே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வேர்களின் கீழ்ப்பாதியில் சிப்பியும் கொட்டலசும் அப்பிக் கிடக்கின்றன. அவை எந்த உயரத்தில் நிற்கின்றனவோ அதுவரைக்கும் தண்ணீர் வந்து போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வேரைப் பிடித்துப் படகை நிறுத்தலாம் என்று கை நீட்டியவளை வழிகாட்டி அதட்டினார். சிப்பியின் விளிம்பு பிளேடுக்குச் சமம். துடுப்பால் முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மேலே இருக்கும் கிளையைப் பிடிக்க வேண்டும். கிளையைப் பிடிக்கும் முன்பும் பார்க்க வேண்டும்: இலைகளை ஒட்டித் தைத்த முசுறு எறும்புக் கூடுகள் சரியாகத் தலை உயரத்தில் தொங்குகின்றன.

ஓடை குறுகிய இடத்தில் துடுப்பை இரண்டாகக் கழற்றி ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் போனதும் "சத்தம் போடாதீங்க, படகுல காத வச்சுக் கேளுங்க" என்றார். குனிந்து கேட்டேன். பட் பட்டென்று இடைவிடாத வெடிப்பு, படகின் அடியிலிருந்து. ஏதோ விரிசல் விடுகிறது என்றுதான் முதலில் தோன்றும். அது சொடுக்கு இறால்களின் வேலை. விரல் நீளம்கூட இல்லாத இறால், ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதை அது மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி நொறுங்குகிறது. நமக்குக் கேட்பது அந்தக் குமிழி நொறுங்கும் ஒலி. இரையை மயக்க இதுவே போதும். கயாக்கின் வெற்று உடம்பு அந்த ஒலியை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. மோட்டார் படகில் போயிருந்தால் இது கேட்டிருக்காது. கயாக்கில் போவதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

அந்த இடத்தில் வெகுநேரம் நின்றோம். நின்றால்தான் கண்ணுக்குப் படுகின்றன. இன்னும் மூழ்காத சேற்றுத் திட்டில் ஒற்றைக் கொடுக்கு பெருத்த ஆண் நண்டுகள் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சேற்றில் தத்தும் மீன்கள்; தோலும் வாயும் ஈரமாக இருக்கும் வரை அவற்றுக்குக் காற்றே போதும். தண்ணீர் ஏற ஏற அவை வேரின் மேல் ஏறிக்கொண்டன, மீனாக இருந்துகொண்டு தண்ணீருக்கு ஏன் இந்தப் பயம் என்று அண்ணன் மகள் கேட்டாள். ஏறுதண்ணீரோடு பெரிய மீன்களும் உள்ளே வருகின்றன, அதுதான் பயம். மீன்கொத்தி ஒன்று எங்களுக்கு முன்னால் கிளை கிளையாகப் போய்க்கொண்டே இருந்தது. நீலச் சிறகு, வெள்ளைக் கழுத்துப்பட்டை.

வாடை பற்றியும் சொல்ல வேண்டும். அழுகிய முட்டை நெடி என்று பலர் மூக்கைப் பிடிக்கிறார்கள். சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டை வைத்துப் பிழைத்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. உதிர்ந்த இலையும் வேரும் அதில் முழுசாக மட்குவதில்லை. இந்தக் காடுகள் மண்ணில் இவ்வளவு கரிமத்தைப் பூட்டி வைத்திருக்க அதுவே காரணம். வெண்கண்டல் மரங்கள் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக மூச்சு வேர்களை நீட்டுவதும் இதனால்தான். தண்ணீர் மூடியிருக்கும்போது வேருக்குள் இருக்கும் ஆக்சிஜன் செலவாகிறது, வடிந்ததும் துளைகள் வழியாகக் காற்று உள்ளே இழுபடுகிறது.

உப்புக்கு ஒவ்வொரு மரமும் ஒரு வழி வைத்திருக்கிறது. சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே வடிகட்டி வெளியே நிறுத்திவிடும். வெண்கண்டல் உள்ளே விட்டு இலை வழியாக வெளியேற்றும். அதன் இலையை நக்கிப் பார்க்கச் சொன்னார், உப்புக் கரித்தது. மரம் உப்பையெல்லாம் ஒரு இலையில் சேர்த்து, அந்த இலை மஞ்சளாகிக் குடும்பத்துக்காக உதிர்ந்துவிடும் என்று ஒரு தியாகக் கதை இருக்கிறது, வழிகாட்டிகள் பல நாட்டில் சொல்வது. பழுத்த இலையில் உப்பு அப்படி ஒன்றும் கூடுதலாக இல்லை என்று அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கூடுதல் மரியாதை.

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்துவிடும். முழ நீளத்துக்கு, முருங்கைக்காய் மாதிரி கிளைகளில் தொங்குகிறது. விழும்போது தண்ணீர் இருந்தால் மிதந்து போகும், கொஞ்ச நாளில் அடிப்பக்கம் கனத்து நிமிரும், சேறு தட்டிய இடத்தில் வேர் விடும். மிதந்து வந்த ஒன்றை அண்ணன் மகள் எடுத்து வைத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் வழிகாட்டி அதை வாங்கித் தண்ணீரிலேயே போட்டுவிட்டார். தில்லை மரமும் ஒன்றிரண்டு இருந்தது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் எட்டி நின்று பார்த்தோம்.

முதலை இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். இருக்கிறது. அந்தமானின் உப்புநீர் முதலைக்கு ஓடைகள்தான் வீடு. 2010இல் ராதாநகர் பக்கம் கடலில் நீந்திய வெளிநாட்டுப் பயணி ஒருவரை முதலை கொன்றது. ஆகவே "ஒண்ணும் ஆகாது, வாங்க" என்று சிரிப்பவரை விட, ஓடைக்குள் நுழையும் முன் நின்று கரைச் சேற்றில் வயிறு தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பவரோடு போவது நல்லது. இவர் பார்த்தார். கால்களைத் தண்ணீரில் தொங்கவிடக் கூடாது, நடுவில் இறங்கக் கூடாது என்று இரண்டு கட்டளை. மழைக்காலத்தில் அவை முட்டையிடும். அந்த மாதங்களில் தான் உள்ளே போவதே இல்லை என்றார்.

ஓடை அகன்ற ஓரிடத்தில் அவர் வடக்கே இருக்கும் மாயாபந்தரைப் பற்றிப் பேசினார், அம்மா வழி ஊர். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வட அந்தமானின் கரை மேலே எழும்பிவிட்டது. ஓதம் எட்டாத உயரத்துக்குப் போன மரங்கள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. தெற்கே நிக்கோபாரில் நேர்மாறு: நிலம் இறங்கி, காடு கடலுக்குள் போனது. அலையைத் தாங்கும் காடு என்று சுனாமிக்குப் பிறகு நாம் நிறையப் பேசினோம். ஒரு மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் காட்டுக்கு வாழ்வில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. சின்ன வயதில் மாமாவோடு நண்டு பிடித்த ஓடையில் பிறகு மாடு மேய்ந்ததாகச் சொன்னார்.

எட்டே கால் இருக்கும், திரும்பலாம் என்றார். இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாமே என்று அண்ணன் மகள் கெஞ்சியதற்குப் பதில் இல்லை. தண்ணீரில் மிதந்த இலைகள் எந்தப் பக்கமும் நகராமல் நிற்பதைக் காட்டினார். நாங்கள் படகைத் திருப்பி முடிப்பதற்குள் அவை கடல் பக்கம் நகர ஆரம்பித்திருந்தன.

கரையில் ஒரு குடும்பம் காத்திருந்தது. ஒன்பது மணிக்கு வரச் சொன்னால் என்ன என்று அவர்களுக்குக் கோபம். இனி உள்ளே போனால் திரும்பத் தண்ணீர் இருக்காது என்று இவர் மறுத்துவிட்டார். அவர்கள் வேறு ஆளைப் பிடித்துப் போனார்கள். மாலையில் கடைத்தெருவில் பார்த்தேன். படகைச் சேற்றில் இழுத்து வந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நல்ல மனிதர்கள்.

அன்று இரவும் கயாக்கில் போனோம். அமாவாசை இருட்டில் துடுப்புப் பட்ட இடமெல்லாம் தண்ணீர் ஒளிரும் என்பதற்காகவே இரவுப் பயணம் நடத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள், தண்ணீர் கலங்கினால் நொடிப்பொழுது மின்னுகின்றன. விளம்பரப் படங்களில் கடல் முழுவதும் நீல விளக்குப் போட்டிருக்கும். அது காமிராவை நெடுநேரம் திறந்து வைத்து எடுத்தது. நேரில் வெளிறிய பச்சைநீலப் புள்ளிகள், விரலை விட்டால் விரல் நுனியில் கொஞ்சம், மீன் ஓடினால் ஒரு கோடு. அழகுதான், ஆனால் படத்தை மனதில் வைத்துப் போனால் ஏமாற்றம். கண் இருட்டுக்குப் பழக நேரம் வேண்டும்; கூட்டத்தில் ஒருவர் செல்போனைத் திறந்தால் எல்லோருக்கும் போச்சு. எங்கள் கூட்டத்தில் ஒருவர் திறந்தார்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி என்றால் காலையில் போங்கள் என்பேன். மரம், நண்டு, இறால் சத்தம், திரும்பும் தண்ணீர் எல்லாம் அதில்தான். அண்ணன் மகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளைக் கேட்டால் இரவுதான் சரி, காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்பாள்.